நெல் காயும் வீதியில் ஒரு விபத்து: நட்டஈட்டு வழக்கில் வரும் சொற்களை விளங்கிக்கொள்வோம்

காலபோக அறுவடை நேரம் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வீதியின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. சிலர் படங்கு விரித்துக் காயவிடுகிறார்கள், சிலர் வெறும் தாரிலேயே பரவிவிடுகிறார்கள். வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல், மரக்குற்றி, பழைய வாளி என்று கையில் கிடைத்ததை வரிசையாக வைத்திருப்பார்கள். பின்னேரம் நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சில நாட்களில் கல் மட்டும் அப்படியே கிடக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். இருட்டிய பிறகு ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். அந்தக் கல்லில் முன்சில்லு ஏறிச் சறுக்கி விழுகிறான். கால் முறிகிறது. மேசன் வேலை செய்கிறவன், நாலு மாதம் வேலைக்குப் போக முடியாது. யார் பிழை? யார் காசு தர வேண்டும்? எங்கே போய்க் கேட்பது? கோட்டிலும் சட்டத்தரணியின் கந்தோரிலும் காதில் விழுகிற முக்கியமான சொற்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு கல்லை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

எந்த வழக்கு?

விபத்து நடந்த வீட்டில் போய் விசாரித்தால், "கேஸ் நடக்குது" என்பார்கள். எந்தக் கேஸ் என்று திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்று நிற்க வேண்டும்: ஒரு விபத்தில் இருந்து இரண்டு வழக்குகள் பிறக்கலாம். அவை வேறு வேறு.

முதலாவது குற்றவியல் வழக்கு. இதைப் பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்கள். இதன் நோக்கம் தவறு செய்தவரைத் தண்டிப்பது. விசாரணை நடக்கும்போது சந்தேகநபர் என்று அழைக்கப்பட்டவர், குற்றப்பத்திரம் வந்த பிறகு எதிரி ஆகிறார். அவசரத்தனத்தாலோ கவனயீனத்தாலோ ஒருவருக்கு மரணம் விளைவித்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின் கீழ் 5 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். காயம் விளைவித்தால் அதற்கு வேறு பிரிவுகள் உண்டு. இந்த வழக்கில் காயப்பட்டவர் வெறும் சாட்சி. எதிரி கட்டும் குற்றப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது.

இரண்டாவது குடியியல் வழக்கு. சிவில் வழக்கு என்றும் சொல்வார்கள். இதைப் பொலிசார் போட மாட்டார்கள். பாதிக்கப்பட்டவரே சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். இதில் தண்டனை இல்லை, மறியலும் இல்லை. கேட்பது நட்டஈடு. வழக்குப் போடுகிறவர் வழக்காளி, யாருக்கு எதிராகப் போடுகிறாரோ அவர் எதிராளி. எதிரியும் எதிராளியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் அவர்கள் நிற்கும் கோடும் வேறு, வழக்கும் வேறு.

இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் குடும்பமே நட்டப்பட்டது. என் சித்தப்பாவை மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று அடித்தது. வலது கால் முறிந்து, கம்பி வைத்து, பிறகும் அவரால் வயலில் இறங்கி வேலை செய்ய முடியவில்லை. பொலிஸ் வழக்குப் போட்டது. ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறிப் போனார். அது தன்னுடைய வழக்கு என்றே நினைத்திருந்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துச் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு குற்றப்பணம் கட்டிவிட்டுப் போனான். அன்று கோட்டு வாசலில் நின்று சித்தப்பா கேட்டார்: "அப்ப என்ர காலுக்கு எப்ப காசு தருவினம்?" அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் விபத்து நடந்த திகதியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கோவையை மூடிவைத்தார்.

காரணம், காலவிதிப்பு. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவுப்படி, இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குத் தொடுப்பதற்கான காரணம் எழுந்த நாளில் இருந்து அந்த 2 வருடம் ஓடத் தொடங்குகிறது. சாதாரண வீதி விபத்தில் அது விபத்து நடந்த நாள். பொலிஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்த மணிக்கூடு நிற்காது. நீதவான் சில வேளைகளில் எதிரியைக் கொண்டு பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுப்பிக்கலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் அதை நம்பிக்கொண்டு மாவட்ட நீதிமன்றப் பக்கம் போகாமல் இருக்கக் கூடாது.

கவனயீனம் என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் கவனயீனம் என்றால் கவனம் இல்லாமை, அவ்வளவுதான். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. வழக்காளி எல்லாப் படியும் ஏற வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் வழக்கு விழுந்துவிடும்.

முதலில், இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல். காணிக்கும் முதுசத்துக்கும் எங்களிடம் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் இருக்கிறது. நட்டஈட்டுக்கு அது உதவாது. நட்டஈட்டை ஆள்வது ரோமன் டச்சுச் சட்டம். 1658 இல் இருந்து 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கொண்டுவந்தது, பிறகு வந்த ஆங்கிலேயர் அதைத் தொடரவிட்டார்கள். அதன் வேர் பழைய ரோமில், கி.மு. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குவிலியச் சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் சட்டத்தரணிகள் இன்றும் இந்த வழக்கை அக்குவிலிய வழக்கு என்கிறார்கள். அந்தச் சட்டத்தின் முதல் அத்தியாயம் என்ன சொன்னது தெரியுமா? இன்னொருவருடைய அடிமையையோ மந்தைக் கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவர், அதற்கு முந்திய ஒரு வருடத்தில் அதற்கு இருந்த ஆகக்கூடிய விலையைக் கட்ட வேண்டும். அடிமை முறை போய்விட்டது. மாட்டுக்கு விலை கேட்டு அயலவனோடு மல்லுக்கட்டுவது இன்றைக்கும் எங்கள் ஊர்களில் நடக்கிறது.

சரி, படிகளுக்கு வருவோம். முதல் படி கவனக் கடமை. நெல் காயவிட்டவருக்கும் அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கும் என்ன உறவு? ஒருவரை ஒருவர் தெரியாது, ஒப்பந்தம் இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. அப்படியிருக்க, அவனுடைய காலுக்காக இவர் ஏன் பொறுப்பு ஏற்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பெயர்பெற்ற பதில் 1932 இல், அப்போது பிரித்தானியாவின் ஆகமேலான நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் கிடைத்தது. ஸ்கொட்லாந்தில் ஒரு பெண்ணுக்கு அவருடைய நண்பி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றியபோது, போத்தலுக்குள் இருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பதுதான் அந்தப் பெண்ணின் முறைப்பாடு. போத்தலை வாங்கியவர் அவர் இல்லை, அதனால் கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லை. உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியுமா என்பது கேள்வி. முடியும் என்றது பிரபுக்கள் சபை. உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நீ நியாயமாக நினைத்துப் பார்க்க வேண்டிய ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் உன் அயலவரே என்று அந்த வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான அற்கின் பிரபு விளக்கினார். எங்கள் நீதிமன்றங்களும் ரோமன் டச்சுச் சட்டத்தோடு சேர்த்து இந்த ஆங்கிலக் கருத்துகளையும் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்தான் எங்களுக்கு அயலவர். சட்டம் அந்த வேலியைப் பிரித்துவிடுகிறது. வீதியில் கல் வைக்கிறவருக்கு, அன்றிரவு அந்த வீதியால் வரப்போகும் முகம் தெரியாதவனும் அயலவன்தான். இந்த ஒரு சொல் விளங்கினால் கவனக் கடமை விளங்கிவிடும்.

இரண்டாவது படி கடமை மீறல். கவனம் எடுக்க வேண்டும், சரி, எவ்வளவு? இதை அளக்கப் பழைய ரோமன் டச்சுச் சட்டம் ஒரு ஆளை நிறுத்துகிறது: அக்கறையுள்ள குடும்பத் தலைவர். ஆங்கிலச் சட்டத்தின் நியாயமான மனிதரும் ஏறக்குறைய இவர்தான். அதிபுத்திசாலி இல்லை, எதற்கும் பயந்து நடுங்குபவரும் இல்லை. தன் வீட்டையும் அயலையும் நினைத்து நடக்கிற சாதாரண ஆள். அவர் இந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதுதான் கேள்வி. நெல்லை அள்ளும்போது கல்லையும் எடுத்து ஓரத்தில் போட்டிருப்பார். அதற்குப் பத்து நிமிடம் போதும், காசும் தேவையில்லை. ஆபத்துப் பெரியது, தவிர்க்கும் வழி சின்னது. அப்படியிருந்தும் செய்யவில்லை என்றால் அது மீறல். வைத்தியர், பொறியியலாளர் போன்றவர்களுக்கு அளவுகோல் மாறும். அந்தத் துறையில் தேர்ந்த சராசரி ஆளோடு அவர்களை ஒப்பிடுவார்கள்.

செய்தது மட்டுமல்ல, செய்யாமல் விட்டதும் மீறலாகலாம். இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து காணி துப்புரவாக்கிய பலருடைய வளவுகளில் கட்டு இடிந்த பழைய கிணறுகள் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாட வரும் வளவு என்று தெரிந்தும் அதை மூடாமலும் அடைக்காமலும் விட்டால், நான் ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்வது நல்ல எதிர்வாதம் ஆகாது.

மாடு பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கட்டாக்காலி மாடு இல்லாமல் வன்னியில் விபத்தும் இல்லை, வயற்சண்டையும் இல்லை. ரோமன் டச்சுச் சட்டத்தில் இதற்கென்றே பழைய வழக்கு வகைகள் இருக்கின்றன. வளர்ப்பு மிருகம் தன் இனத்தின் இயல்புக்கு மாறாகத் திரும்பி ஒருவரைக் காயப்படுத்தினால் ஒரு வகை. இன்னொருவர் பயிரில் மேய்ந்தால் வேறொரு வகை. இவற்றில் மாட்டுக்காரர் கவனயீனமாக இருந்தார் என்று காட்டவேண்டியதில்லை. மாட்டின் சொந்தக்காரர் என்பதே போதும்.

மூன்றாவது படி காரணத் தொடர்பு. பல வழக்குகள் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எதிராளி கவனயீனமாக இருந்தார், வழக்காளிக்குப் பாதிப்பும் ஏற்பட்டது. இந்த இரண்டும் போதாது. அந்தக் கவனயீனத்தால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். அந்தத் தவறு நடந்திராவிட்டாலும் இதே பாதிப்பு வந்திருக்குமா என்று கேட்டுப்பாருங்கள். வந்திருக்கும் என்றால் தொடர்பு அறுந்துவிடுகிறது.

இலங்கையில் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் ஒரு மருத்துவ வழக்கு. மூளைத்தண்டில் கட்டி வந்த ஒரு சிறுமியின் நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று, பிள்ளை இறந்த பிறகு தந்தை ஒரு குழந்தை நல வைத்திய நிபுணருக்கு எதிராக வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. வழக்கு மேலே மேலே போய் 2001 இல் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. நோயைக் கண்டறிவதில் கவனயீனம் இருந்தது, ஆனால் அதனால்தான் மரணம் நேர்ந்தது என்று எண்பிக்கப்படவில்லை என்று அங்கே முடிவானது. நட்டஈடு கிடைக்கவில்லை. ஒரு தகப்பனுக்கு இது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் வைத்தியசாலைக்கு எதிராக வழக்குப் போட நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: சரியாகச் செய்திருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா, அதைச் சொல்லக்கூடிய நிபுணர் ஒருவர் சாட்சிக்கு வருவாரா?

எங்கள் கதையில் காரணத் தொடர்பு நேரானது. கல், சறுக்கல், முறிவு. ஆனால் அவன் கல்லைத் தொடுவதற்கு முன்பே நாய் குறுக்கே வந்து விழுந்திருந்தால்? கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுந்திருப்பான். அப்போது கல் வைத்தவரின் தவறு தவறாகவே இருக்கும், நட்டஈடு இருக்காது.

உன்னுடைய பிழையும் இருக்கிறதே

நெல்லுக்காரரின் சட்டத்தரணி சும்மா இருப்பாரா? பெடியனின் சைக்கிளில் முன்லைற் எரியவில்லை, வேகமாக வந்தான் என்பார். இதற்குப் பெயர் பங்களிப்புக் கவனயீனம். அதாவது பாதிக்கப்பட்டவரின் பிழையும் அந்தப் பாதிப்புக்குச் சேர்ந்திருக்கிறது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, இதனால் வழக்கு முழுவதும் அழிந்துபோவதில்லை, தொகை மட்டும் குறைகிறது. மொத்த இழப்பு 10 இலட்சம் என்றும், பெடியனின் பங்கு 30 வீதம் என்றும் நீதிபதி கண்டால், 7 இலட்சம் கிடைக்கும். ஆகவே நாங்களும் கொஞ்சம் பிழைதானே என்று நினைத்து வழக்கைக் கைவிட வேண்டாம்.

கல்லை வைத்தவர் வயற்காரர் இல்லை, அவரிடம் நாள் கூலிக்கு நின்ற ஆள் என்றால்? அப்போது பதிலாள் பொறுப்பு என்ற சொல் வரும். வேலைக்காரர் வேலை நேரத்தில், வேலைக்காகச் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. லொறிச் சாரதியின் பிழைக்கு லொறி முதலாளியை வழக்கில் சேர்ப்பது இதனால்தான். ஆனால் அந்தச் சாரதி முதலாளிக்குத் தெரியாமல் லொறியை எடுத்துக்கொண்டு தன் நண்பனின் கலியாணத்துக்குப் போகும் வழியில் அடித்தால், கதை மாறும். வாகனம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

வாகனம் சம்பந்தப்பட்டால் இன்னொரு கதவும் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதி எடுத்தவரும் கம்பனியும் முதல் இரண்டு தரப்பு, வீதியில் அடிபட்டவர் மூன்றாந் தரப்பு. வழக்கில் வென்றால் தீர்ப்புத் தொகையைக் கம்பனியிடம் இருந்து பெறலாம். ஆனால் வழக்குப் பற்றிக் கம்பனிக்கு உரிய நேரத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இதை மறந்தால் டிப்பர்காரனிடம் இருந்தே பணத்தைப் பிடுங்க வேண்டிவரும். கல்லுக்குக் காப்புறுதி இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் குத்தகை வயல் செய்கிறவருக்கு எதிராகப் பெரிய தொகைக்குத் தீர்ப்பு எடுத்தாலும் அதை எங்கிருந்து அறவிடுவது?

நட்டஈட்டில் என்னென்ன சேரும்?

கணக்குக் காட்டக்கூடியது ஒரு பக்கம்: மருந்துச் செலவு, போக்குவரத்து, நாலு மாதக் கூலி, இனிமேல் இழக்கப்போகும் உழைப்பு, சைக்கிள் திருத்தம். இதைப் பொருள் இழப்பு என்கிறார்கள். கணக்கில் அடங்காதது மறுபக்கம்: நோவு, வேதனை, நொண்டியாகிப் போனதால் வாழ்க்கையில் இழந்த சுகங்கள். காயப்பட்டவர் உயிரோடு இருந்தால் இரண்டையும் கேட்கலாம்.

ஆள் இறந்துவிட்டால்? பழைய சட்டம் இந்த இடத்தில் கல்நெஞ்சோடு இருந்தது. இறந்தவரின் உழைப்பை நம்பி இருந்தவர்கள் பொருள் இழப்பைக் கேட்கலாம், துக்கத்துக்கு ஒன்றும் இல்லை. உழைக்காத சிறு பிள்ளையை இழந்த தாய் தகப்பனுக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. ஒருவரின் தவறான செயலாலோ கவனயீனத்தாலோ உயிரிழந்தவரின் நெருங்கிய உறவினர்கள், இழந்துபோன அன்பு, பராமரிப்பு, துணை ஆகியவற்றுக்கும் நட்டஈடு கேட்க அது வழி செய்தது. இந்தச் சட்டம் வந்ததே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அயலுக்குச் சொல்லுங்கள்.

யார் எண்பிப்பது?

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணகியின் வழக்குத் தெரியும். அரசன் ஒரு தட்டானின் சொல்லை மட்டும் கேட்டான், கோவலனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். நீதிமன்ற மொழியில் சொன்னால், மறுதரப்பைக் கேளாமல் கொடுத்த தீர்ப்பு அது. உடைந்த சிலம்பு சான்றுப் பொருள்.

இன்று எண்பிக்கும் பொறுப்பு வழக்காளியுடையது. குற்றம் சுமத்துகிறவர்தான் காட்ட வேண்டும். எவ்வளவு தூரம் காட்ட வேண்டும் என்பது வழக்கைப் பொறுத்தது. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேண்டும், ஏனென்றால் ஒருவருடைய சுதந்திரம் பறிபோகப் போகிறது. குடியியல் வழக்கில் அவ்வளவு தேவையில்லை. நெல் நிறுக்கும் தராசை நினையுங்கள். இரண்டு தட்டிலும் சாட்சியங்களை வைத்தால் வழக்காளியின் பக்கம் சற்றுத் தாழ்ந்தால் போதும். இதை நிகழ்தகவுச் சமநிலை என்பார்கள். பொலிஸ் வழக்கில் சாரதி விடுதலையாகிவிட்டான் என்பதால் நட்டஈட்டு வழக்கும் தோற்றுப்போகும் என்று முடிவெடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். சில வேளைகளில் நடந்ததே கதை சொல்லும். சத்திரசிகிச்சை முடிந்த வயிற்றுக்குள் பஞ்சு கிடந்தால், அது எப்படி அங்கே போனது என்று மற்றப் பக்கம்தான் விளக்க வேண்டிவரும்.

கடதாசிகளும் தவணைகளும்

வழக்குக்கு முதல் சட்டத்தரணி ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறோம், எத்தனை நாளுக்குள் என்று அதில் இருக்கும். பதில் வராவிட்டால் வழக்கு. சட்டத்தரணிக்கு நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் புறொக்சி. வழக்காளியின் எழுத்து முறைப்பாடு நீதிமன்றத்தில் பதிவானதும் எதிராளிக்கு அழைப்பாணை போகும். அதை நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் கொண்டுவருவார்.

அழைப்பாணை வரும்போது வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி ஒளிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய பிழை. எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பு எழுதுவார்கள். அந்தத் தீர்ப்பின் கட்டளையான டிக்கிரி கைக்கு வந்த பிறகு 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போய், வராததற்கு நியாயமான காரணம் காட்டினால்தான் அதை நீக்கிக்கொள்ள முடியும். வந்தால், எதிராளி தன் மறுமொழியைத் தாக்கல் செய்வார். எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்று தெரிந்த பிறகு, மிஞ்சிய தகராறுகளைக் கேள்விகளாக எழுதுவார்கள். எழுவினாக்கள் என்றால் இவைதான். அந்தக் கல்லை எதிராளி வைத்தாரா? அதை அகற்றாமல் விட்டது கவனயீனமா? வழக்காளி லைற் இல்லாமல் வந்தாரா? விசாரணை முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கும்.

தீர்ப்பு என்பது நீதிபதி காரணம் சொல்லி எழுதும் முடிவு. டிக்கிரி என்பது அந்த முடிவைச் சுருக்கிய கட்டளை, பணத்தை அறவிட உதவுவது அதுதான். மேன்முறையீடு செய்வதென்றால் தீர்ப்பில் இருந்து 14 நாட்களுக்குள் அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மனுவும் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தில் உள்ளது, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். எங்கள் நாட்டில் உயர் நீதிமன்றமே நாட்டின் ஆகமேலான நீதிமன்றம். மேல் நீதிமன்றம் என்பது வேறு, அதற்குக் கீழே உள்ளது.

அரசாங்கத்தின் பிழை என்றால்?

எங்கள் பக்கம் பெரிய ஆசுப்பத்திரிகள் எல்லாம் அரசாங்கத்துடையவை. முந்தி அரசுக்கு எதிராக இப்படி நட்டஈடு கேட்கவே முடியாது. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. வழக்கைச் சட்டமா அதிபருக்கு எதிராகப் போட வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தையும் 2 வருடக் கணக்குக்குள் வைத்தே யோசியுங்கள்.

அடிப்படை உரிமை வழக்கு வேறொன்று. அது நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது, ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அடிப்படை உரிமை மீறல் வழக்கு.

திகதியும் பையும்

காலவிதிப்புக்குத் திரும்பி வருகிறேன். யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. 1983 மே 1 இல் இருந்து 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது இடம் கொடுத்தது. ஆனால் அது அசையாச் சொத்துக்கானது, அதாவது காணி. அதைக் கேள்விப்பட்டு, விபத்து வழக்குக்கும் வன்னிக்கு விலக்கு இருக்கிறது என்று நம்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி இல்லை.

கல்லில் ஏறி விழுந்த பெடியனின் கதை போன்ற சிறிய தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகள் இவை. அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு தரப்பையும் இருத்திக் கதைத்து இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதோடு கோட்டுக்குப் போகலாம். என் எண்ணத்தில், ஒரே ஊரில் வயல் செய்து ஒரே கோயிலில் பொங்கப்போகிறவர்களுக்கு இது நல்ல இடம். நெல்லுக்காரர் அறுவடைக்கு அறுவடை தவணை முறையில் கட்ட ஒப்புக்கொள்வது, எடுத்தும் அறவிட முடியாத பெரிய டிக்கிரியை விட மேல்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. போகும்போது ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போங்கள்: பொலிஸ் என்றியின் பிரதி, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டிய விபரம், ஆசுப்பத்திரித் துண்டு, மருந்து பில், கூலி வாங்கியதைச் சொல்லக்கூடியவரின் பெயர், விழுந்த இடத்தைக் கல்லோடு எடுத்த படம். படத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும், விடிந்தால் யாராவது கல்லைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டுவிடுவார்கள். பையின் மேலே விபத்து நடந்த திகதியைப் பெரிதாக எழுதுங்கள், அதன் கீழே 2 வருடம் கூட்டி வரும் திகதியையும் எழுதுங்கள்.

சித்தப்பாவின் பையில் கடதாசி ஒன்றும் குறையாமல் இருந்தது. அந்த இரண்டாவது திகதியை எழுதச் சொல்லித்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை.